ஊர்ப் பள்ளியின் கொடிக்கம்பமும் குடியரசின் கணக்கும்

(குடியரசு நாளையொட்டி நடைபெற்ற கல்விப் பாதுகாப்புக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜனவரி 26 காலையில் தலைநகர் தில்லியில் பீரங்கிகளும் அலங்கார ஊர்திகளும் அணிவகுக்கின்றன. நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் காண்கிறது. அதே வேளையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இன்னொரு குடியரசு விழா நடைபெறுகிறது. முந்தைய நாளே வளாகம் பெருக்கப்பட்டு, கொடிக்கம்பத்தின் அடியில் கோலமிடப்பட்டு, வண்ணக் காகிதத் தோரணங்கள் கட்டப்படுகின்றன. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 'பிரபாத் பேரி' என்னும் வைகறை ஊர்வலமாகப் பிள்ளைகள் முழக்கமிட்டபடி ஊரைச் சுற்றி வருகிறார்கள். விடுதலைப் போராட்டக் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. கொடியேற்றம் முடிந்ததும் பூந்தியோ ஜிலேபியோ பிள்ளைகளின் கைகளுக்கு வருகிறது.

மற்ற நாட்களில் பள்ளியின் வாசலோடு திரும்பிவிடும் பெற்றோர் அன்று வளாகத்துக்குள் வந்து நிற்கிறார்கள். வயல்வேலைக்குச் செல்ல வேண்டிய தாய், செங்கல் சூளையில் ஒரு நாள் கூலியை இழந்த தந்தை, பள்ளிக்கூடமே கண்டிராத பாட்டி எனப் பலரும் மேடையேறும் குழந்தையைக் காண வருகிறார்கள். குக்கிராமங்களில் மக்கள் தமது உரிமையாகக் கருதி உள்ளே நுழையக்கூடிய அரசுக் கட்டடம் பெரும்பாலும் தொடக்கப் பள்ளி ஒன்றுதான். காவல் நிலையமும் வட்டாட்சியர் அலுவலகமும் அவர்களுக்குத் தொலைவானவை, அச்சம் தருபவை. ஆகவே குடியரசு என்ற சொல்லுக்கு அந்த ஊரில் ஓர் உருவம் உண்டென்றால் அது இந்தப் பள்ளியே ஆகும். இந்த உருவத்துக்கு இன்று நேர்ந்துகொண்டிருப்பது என்ன என்பதே இந்த உரையின் பொருள்.

ஜனவரி 26 வந்த வழி

இந்த நாள் தானாக வந்ததன்று. 1921இல் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டில் முழு விடுதலை கோரும் தீர்மானத்தை மௌலானா ஹஸ்ரத் மோகானியும் சுவாமி குமாரானந்தும் முன்வைத்தனர். அன்று அது ஏற்கப்படவில்லை. தொழிலாளர்களும் விவசாயிகளும் இளைஞர்களும் களத்துக்கு வந்த எட்டாண்டுகளுக்குப் பின், 1929 டிசம்பரில் லாகூரில் ராவி நதிக்கரையில் அதே கோரிக்கை காங்கிரசின் முடிவாயிற்று. 1930 ஜனவரி 26 அன்று ஊர்தோறும் மக்கள் கூடி விடுதலை உறுதிமொழி எடுத்தனர். அந்த நாளின் நினைவாகவே, 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்த நாள் மக்கள் கூட்டங்களில் பிறந்தது என்பதையும், ஊர்ப் பள்ளியின் வளாகத்தில் திரளும் கூட்டம் அந்த மரபின் தொடர்ச்சி என்பதையும் மறந்துவிடலாகாது.

பள்ளிக்கான போராட்டம் இதனினும் பழையது. 1848இல் புணேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். 1882இல் ஹண்டர் குழுவிடம் அளித்த விண்ணப்பத்தில், உழவர்களின் உழைப்பிலிருந்து திரட்டப்படும் வரிப்பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செல்வதையும், உழைப்பவரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்விகூடக் கிட்டாததையும் புலே சுட்டிக்காட்டினார். 1911இல் கோபால கிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்விக்கான மசோதாவை மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். மறு ஆண்டில் 38 பேர் எதிர்த்தும் 13 பேர் மட்டுமே ஆதரித்தும் வாக்களிக்க அது வீழ்ந்தது. ஏழைகளின் பிள்ளைகள் படித்துவிட்டால் வயலில் வேலை செய்வது யார் என்ற நிலவுடைமைக் கவலை அந்நிய ஆட்சியின் சிக்கனத்தோடு கைகோத்து நின்றது.

10 ஆண்டுகள் என்ற வாக்குறுதி

அரசமைப்புச் சட்டம் இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இலவசக் கட்டாயக் கல்வியை நீதிமன்றத்தில் கோரக்கூடிய அடிப்படை உரிமையாக்கலாம் என்ற யோசனை தொடக்கத்தில் எழுந்தது. பின்னர் அது அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைகளின் பகுதிக்கு நகர்த்தப்பட்டது. 1948 நவம்பர் 23 அன்று நடந்த விவாதத்தில், இந்தக் கடமையைத் தொடக்கக் கல்வியோடு சுருக்கிவிடலாம் என்று ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு அமர்த்தக் கூடாதென்று இன்னொரு பிரிவு தடுக்கிறது. அவ்வாறெனில் அந்தக் குழந்தை அந்த வயதுவரை பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்பது அவரது வாதம். வேலைத்தளத்துக்கும் பள்ளிக்கும் இடையே குழந்தை எங்கே நிற்கிறது என்று நேரடியாகக் கேட்ட வாதம் அது.

இவ்வாறு உருவான 45ஆவது பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்த 10 ஆண்டுகளுக்குள் 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. நெறிமுறைப் பிரிவுகளில் இவ்வாறு காலவரம்பு குறிக்கப்பட்டது இது ஒன்றே. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 18.33 விழுக்காடு, பெண்களிடையே 8.86 விழுக்காடு மட்டுமே. காலவரம்பு 1960இல் முடிந்தது. வாக்குறுதி நிறைவேறவில்லை. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி குழு, எல்லாத் தரப்பினரின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அருகமைப் பள்ளியையும், தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு என்ற இலக்கையும் பரிந்துரைத்தது. அந்த 6 விழுக்காடு 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலும் மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. இலக்கு எட்டப்படவே இல்லை.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் கல்வியை வாழ்வுரிமையோடு இணைத்தது. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 10 ஆண்டுகளில் வர வேண்டியது 60 ஆண்டுகள் கழித்து வந்தது. அதுவும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வெளியே நிறுத்திவிட்டு வந்தது.

கம்பத்தைச் சுற்றி நிற்பவர்கள்

விழா நாளில் கொடிக்கம்பத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைச் சற்று உற்றுநோக்க வேண்டும். அன்றைய இனிப்பைத் தயாரித்த சமையல் தொழிலாளிப் பெண் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார். நாடெங்கும் மதிய உணவுத் திட்டத்தில் சுமார் 25 லட்சம் பேர் பணியாற்றுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒன்றிய அரசின் திட்டம் அவர்களுக்கு வகுத்துள்ள மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். 2009இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது. ஆண்டுக்கு 10 மாதங்கள் மட்டுமே அது வழங்கப்படுகிறது. கேரளம், தமிழ்நாடு போன்ற சில மாநிலங்கள் சொந்த நிதியிலிருந்து கூடுதலாக அளிக்கின்றன. கூடுதல் தொகை அளிக்கப்படாத இடங்களில், பிள்ளைகளின் பசியாற்றும் அந்தக் கைகளுக்கு நாளொன்றுக்கு 35 ரூபாய்கூடக் கிடைப்பதில்லை. அவர்களைத் தொழிலாளர் என்று அழைக்கவும் அரசு தயாராக இல்லை. 'மதிப்பூதியம்' என்ற சொல் அதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த மதிய உணவும் கருணையால் வந்ததன்று. 2001 நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்ட பிறகே பல மாநிலங்களில் அடுப்பு மூட்டப்பட்டது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் பிள்ளைகள் சாதியின் பழைய வேலிகளில் ஒன்றைத் தாண்டுகிறார்கள். தலித் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணக் கூடாதென்று பெற்றோர் தடுத்த செய்திகள் பல மாநிலங்களிலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன என்பதே, அந்த வேலி எங்கே நிற்கிறது என்பதற்குச் சான்று.

கயிற்றை இழுப்பது யார் என்பதும் சிறிய கேள்வியன்று. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதற்குத் தடையோ அவமதிப்போ நேரக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சமூக சீர்திருத்த மரபு கொண்ட மாநிலத்திலேயே இந்நிலை என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சமத்துவம் என்ற சொல்லை முகவுரையிலிருந்து பிள்ளைகள் உரக்கப் படிக்கும் அதே வளாகத்தில், கொடிக்கயிறு யார் கைக்குப் போகிறது என்பதை அந்தப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாட்டுப்பற்றைப் பற்றியும் ஒரு சொல். 1985இல் கேரளத்தின் ஒரு பள்ளியில், தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையுடன் எழுந்து நின்ற, ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடாத மூன்று குழந்தைகள் வெளியேற்றப்பட்டனர். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதியரசர் சின்னப்ப ரெட்டி அமர்வு அந்தக் குழந்தைகளைத் திரும்பச் சேர்க்குமாறு ஆணையிட்டது. குழந்தையின் மனசாட்சிக்கும் அரசமைப்புச் சட்டத்தில் இடமுண்டு என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. பக்கத்து மாணவனின் மதத்தையும் உணவையும் உடையையும் குற்றமாகக் காட்டும் பரப்புரை பள்ளிகளுக்குள் நுழைக்கப்படும் இக்காலத்தில், குடியரசு நாள் மேடையில் சொல்லத் தகுந்த கதை இதுவே.

மூடப்படும் கதவுகள்

தோழர்களே! இவ்வளவு குறைகளோடும் அந்தப் பள்ளி அங்கே இருக்கிறது என்பதே மக்களின் சாதனை. இப்போது அந்த இருப்புக்கே ஆபத்து வந்துள்ளது. நாடாளுமன்றத்தில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் அளித்த விவரங்களின்படி, 2014-15இல் நாட்டில் 11,07,101 அரசுப் பள்ளிகள் இருந்தன. 2023-24இல் அந்த எண்ணிக்கை 10,17,660. ஏறத்தாழ 90 ஆயிரம் பள்ளிகள் குறைந்துள்ளன. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களில் மட்டும் குறைந்தவை 54 ஆயிரத்துக்கும் மேல். இதே காலத்தில் தனியார் பள்ளிகள் 2,88,164இலிருந்து 3,31,108ஆகப் பெருகின.

2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு, 50க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளிகளை வேறு பள்ளிகளோடு இணைக்க உத்தரவிட்டது. சீதாப்பூர் மாவட்டத்துச் சிறுவர் சிறுமியர் உயர்நீதிமன்றத்தை நாடினர். தனி நீதிபதி ஜூலை 7 அன்று மனுக்களைத் தள்ளுபடி செய்தார். ஜூலை 24 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அம்மாவட்டத்தில் இருந்த நிலையே தொடர வேண்டும் என்றது. ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர் அமைப்புகளும் தெருவுக்கு வந்தபின், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு என்றால் இணைப்பு இல்லை என்று அரசு இறங்கிவர நேர்ந்தது. இணைப்பு என்ற சொல் மென்மையாக ஒலிக்கிறது. ஆறு வயதுச் சிறுமிக்கு அதன் பொருள் நெடுஞ்சாலையைக் கடப்பது, மழைக்காலத்தில் கால்வாயைக் கடப்பது, இறுதியில் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவது.

மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது, வளங்கள் வீணாகின்றன என்பது அரசின் வாதம். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கேட்டால் விடை அரசின் கோப்புகளிலேயே இருக்கிறது. 60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. ஆயினும் 2024-25 விவரங்களின்படி ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் நாட்டில் 1 லட்சத்துக்கும் மேல். அந்த ஒருவரே ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் நடத்தி, உணவுக் கணக்கு எழுதி, வாக்காளர் பட்டியல் பணிக்கும் செல்ல வேண்டும். காலிப் பணியிடம் நிரப்பப்படாதபோது பெற்றோர் கடன் வாங்கியேனும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக்கை சரிகிறது. சரிந்த எண்ணிக்கையைக் காட்டிப் பள்ளி மூடப்படுகிறது. பட்டினி போட்டவரே எலும்பைக் காட்டி நோயாளி என்று பட்டம் சூட்டுவது போன்றது இது.

வீண்செலவு என்ற வாதத்துக்குக் குடியரசே ஒரு பதிலை வைத்திருக்கிறது. குஜராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி அமைக்கிறது. அலுவலர்கள் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் செல்கிறார்கள். அதை எவரும் வீண் என்பதில்லை. ஒருவரது வாக்கும் உரிமை என்பதால் நாடே பெருமை கொள்கிறது. ஒருவரின் வாக்குக்காகக் காட்டுக்குள் செல்லும் அரசு, 40 குழந்தைகளின் கல்விக்காக ஓர் ஊரில் தங்க முடியாது என்பது எந்த வகை நியாயம்? நாட்டின் வாக்குச்சாவடிகளில் மிகப் பலவும் இந்த ஊர்ப் பள்ளிகளிலேயே அமைகின்றன. தேர்தலுக்கு வேண்டிய கட்டடம் பாடத்துக்கு வேண்டாமா?

மக்கள் மீட்ட பள்ளி

மூடிய கதவு மூடியபடியே இருக்க வேண்டியதில்லை. கோழிக்கோட்டின் மலாப்பறம்பில் நூற்றாண்டைக் கடந்த உதவிபெறும் பள்ளி ஒன்று இருந்தது. வருவாய் இல்லாத பள்ளியை முன்னறிவிப்புக் கொடுத்து மூடிவிட மேலாளர்களுக்கு விதி இடம் கொடுத்தது. 2014 ஏப்ரலில், விடுமுறைக் காலத்தில், பள்ளிக் கட்டடம் இரவோடு இரவாக இடித்துத் தள்ளப்பட்டது. ஊர்மக்களும் ஆசிரியர்களும் கலைந்துவிடவில்லை. நன்கொடை திரட்டி, தம் உழைப்பையும் தந்து, பள்ளி திறக்கும் காலத்துக்குள் வகுப்பறைகளை மீண்டும் எழுப்பினார்கள். 2016இல் நீதிமன்ற ஆணையால் பள்ளி மீண்டும் மூடப்படும் நிலை வந்தபோது மக்கள் வாசலில் அமர்ந்தார்கள். அவ்வாண்டு பொறுப்பேற்ற இடது ஜனநாயக முன்னணி அரசு பள்ளியைத் தானே ஏற்பதென்று முடிவு செய்தது. நடைமுறைகள் முடியும்வரை பிள்ளைகளுக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வகுப்புகள் நடந்தன. மாவட்ட நிர்வாகத்தின் கட்டடத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாடம் படித்த அக்காட்சி, அரசு என்பது யாருக்காக என்ற கேள்விக்கு உரிய விடையாக அமைந்தது. இதே நிலையில் இருந்த மேலும் மூன்று பள்ளிகளையும் அரசு ஏற்றது.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1957இல் இ.எம்.எஸ். தலைமையிலான அரசு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தது. அதற்கெதிரான கிளர்ச்சியைக் காரணம் காட்டி 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. ஆயினும் பள்ளி மக்களுடையது என்ற எண்ணத்தைக் கலைக்க இயலவில்லை. இன்றும் கல்வியாண்டு தொடங்கும் நாளில் அங்கே 'பிரவேசனோத்சவம்' என்ற பெயரில் ஊரே திரண்டு புதிய பிள்ளைகளை வரவேற்கிறது. பள்ளியின் விழா ஊரின் விழாவாகும்போது, பள்ளியை மூட வரும் உத்தரவு ஊரையே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

விழா நாளில் கணக்கு

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் நிதி செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பொறுப்பு. பல இடங்களில் இந்தக் குழு கையொப்பங்களில் மட்டுமே உயிர்வாழ்கிறது. வேலைநாளில் கூட்டம் வைத்தால் கூலித் தொழிலாளி வர இயலாது. அவர் தவறாமல் வரும் ஒரு நாள் இருக்கிறது. அதுவே ஜனவரி 26.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில், கூலி வழங்கிய பதிவேடுகள் மக்கள் முன் உரக்கப் படிக்கப்பட்டன. இல்லாத வேலைக்கும் இறந்தவர் பெயருக்கும் பணம் எடுக்கப்பட்டிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. அத்தகைய பொது விசாரணைகள் வளர்ந்துதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. பதிவேட்டை உரக்கப் படிப்பது எளிய செயல். அதன் ஆற்றல் பெரிது.

ஆகவே குடியரசு நாள் மேடையில் ஆட்டமும் பாட்டும் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையைப் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்கட்டும். 2020இலேயே மராட்டிய அரசு பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கியது. அடுத்து, ஒதுக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, வந்த நிதி எவ்வளவு, குடிநீரும் பெண் குழந்தைகளின் கழிப்பறையும் எந்த நிலையில் உள்ளன, ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பனவற்றைப் பெற்றோர் பிரதிநிதி படிக்கட்டும். பெயர் சொல்லி எவரையும் தாழ்த்த வேண்டியதில்லை. தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டியதில்லை. ஆசிரியரும் பெற்றோரும் ஒரே பக்கம் நின்று அரசை நோக்கிக் கேட்கும் கணக்கு அது. முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அதைக் கிராம சபைக்கும் கல்வி அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். அவ்வாறு ஆண்டுதோறும் எழுதிவைத்த ஊரில், எவருக்கும் தெரியாமல் பள்ளியை மூடிவிட இயலாது. அந்த ஆண்டு கொடியேற்றும் பெருமையைச் சமையல் தொழிலாளிக்கு அளிக்கலாம். அவரது ஊதியக் கோரிக்கையும் அந்தத் தீர்மானத்தில் இடம்பெறலாம்.

தொழிற்சங்கங்கள், விவசாயிகள் சங்கம், மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகள் ஆகிய அனைத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. எந்தப் பள்ளியின் பெயர் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதோ அந்தப் பள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும். 1960இல் முடிந்திருக்க வேண்டிய கடனை இந்தக் குடியரசு இன்னும் தன் பிள்ளைகளுக்குச் செலுத்தவில்லை. கடன்பட்டவர் கதவைச் சாத்திக்கொள்வதற்குள் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் திரண்டு செல்லட்டும். வரும் ஜனவரி 26 அன்று ஒவ்வொரு ஊர்ப் பள்ளியின் கொடிக்கம்பத்தின் அடியிலும் அந்தக் கணக்கு உரக்கப் படிக்கப்படட்டும்!